10 விநாடி ஊதினேன், 46 என்று வந்தது

மாடிப்படியின் பாதித் திருப்பத்தில் நின்று போனை எடுத்துப் பார்ப்பது என் பழக்கம். புதிதாக ஒன்றும் வந்திருக்காது. இருந்தாலும் திரையைத் தள்ளிக்கொண்டே அரை நிமிடம் நிற்பேன், அப்புறம் மிச்சப் படிகளை ஏறுவேன். போன் பைத்தியம் என்று வீட்டில் கேலி செய்வார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆஸ்துமா என்று தெரிந்து மருந்து எடுக்க ஆரம்பித்த ஒன்றரை மாதத்தில், ஒருநாள் மேல்படியில் போய் நின்றபோதுதான் உறைத்தது. இன்றைக்கு நான் நடுவில் நிற்கவில்லை. போன் கைப்பையிலேயே கிடக்கிறது.

14 வயதிலிருந்து எனக்கு அலர்ஜி. காலையில் எழுந்ததும் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு தும்மல், கண் அரிப்பு, மூக்கிலிருந்து தண்ணீர். முழங்கை மடிப்பில் வந்து வந்து போகும் கரப்பான். 'உனக்கு அலர்ஜி உடம்பு' என்ற இரண்டே வார்த்தையில் எல்லாம் அடங்கிவிடும். அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், நானும் கேட்டுக்கொள்ளவில்லை. முப்பத்தைந்தைத் தாண்டியதும் விடிகாலை இருமல் சேர்ந்துகொண்டது. மூக்குச் சளி தொண்டையில் இறங்குகிறது, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டேன். அது முழுப் பொய்யும் இல்லை, அப்படி இறங்குவதாலும் இருமல் வரும். அதனால்தான் ஏமாந்தேன். ஒரு தலையணை இரண்டானது, இரண்டு மூன்றானது. வாய்விட்டுச் சிரித்தால் அது இருமலில் போய் முடியும். வகுப்பில் நாற்பது நிமிடம் பேசிவிட்டு வந்தால் நெஞ்சுக்குள் யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி இருக்கும். இதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து யாரிடமும் சொன்னதில்லை. தும்மலுக்கு ஒரு மருத்துவர், தோலுக்கு ஒருவர், இருமலுக்கு மருந்துக்கடை என்று என் உடம்பைப் பங்கு பிரித்துக் கொடுத்திருந்தேன்.

சேர்த்துக் கேட்டவர் தோல் மருத்துவர்தான். கரப்பானுக்குக் களிம்பு எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், "ராத்திரி இருமல் உண்டா?" என்றார். உண்டு என்றேன். "எழுப்பிவிடுமா?" என்றார். அந்தக் கேள்விக்கு நான் யோசிக்க வேண்டியிருந்தது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மூன்று மணி வாக்கில் விழிப்பு வரும். இருமல்தான் என்னை எழுப்புகிறது என்று அதுவரை நினைக்கவே இல்லை. விழித்துக்கொண்டதால் இருமுகிறேன் என்றுதான் கணக்கு வைத்திருந்தேன்.

அவர் நுரையீரல் மருத்துவரிடம் அனுப்பினார். அங்கே ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டால் நெஞ்சு சுத்தமாக இருந்தது. வீசிங் இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது, வீணாக வந்து உட்கார்ந்துவிட்டோமோ என்று. மருத்துவர் சிரித்தார். "பகல் 11 மணிக்கு உங்க நுரையீரல் நல்லாத்தான் இருக்கும். விடிகாலை 3 மணிக்கு அது என்ன பண்ணுதுன்னுதான் எனக்குத் தெரியணும்" என்றார். ஆஸ்துமாவின் குணமே இதுதானாம். வரும், போகும். வந்திருக்கும் நேரத்தில் நாம் மருத்துவர் முன்னால் இருக்க மாட்டோம். மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் அழற்சி மட்டும், இருமல் இல்லாத நேரத்திலும் உள்ளே புகைந்துகொண்டே இருக்கலாம். வெளிவிடும் மூச்சிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை அளந்து, அந்தப் புகைச்சல் தெரிகிறதா என்று பார்க்கத்தான் ஃபீனோ என்கிற இந்தச் சோதனை.

கருவி பார்க்கக் கையடக்கமாக இருந்தது. முன்பக்கம் ஒரு ஊதுகுழாய், ஒரு சின்னத் திரை. நுரையீரலிலிருந்து எவ்வளவு காற்று எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று அளக்கும் ஸ்பைரோமெட்ரி செய்தவர்களுக்கு மூக்கில் கிளிப் மாட்டி 'ஊது ஊது ஊது' என்று கத்துவது நினைவுக்கு வரும். இதில் அதெல்லாம் கிடையாது. மூக்குக் கிளிப் போடக் கூடாது, வேகமாகவும் ஊதக் கூடாது. முதலில் உள்ளிருக்கும் காற்றை வெளியே விட வேண்டும். பிறகு குழாயை உதட்டால் இறுக்கிக் கவ்வி, அதன் வழியாகவே நெஞ்சு நிறைய இழுக்க வேண்டும். வெளிக்காற்றில் இருக்கும் நைட்ரிக் ஆக்சைடு கணக்கில் சேராதபடி உள்ளே ஒரு வடிகட்டி இருக்கிறது. நிறைய இழுத்ததும் நிறுத்தாமல், ஒரே சீராக, 10 விநாடி ஊத வேண்டும். திரையில் ஒரு மேகம் மிதக்கும். அது மேல் கோட்டையும் தொடாமல் கீழ் கோட்டையும் தொடாமல் நடுவிலேயே போக வேண்டும்.

முதல் தடவை நான் ஊதிய வேகத்தில் மேகம் உச்சிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது தடவை பயந்துபோய் மெதுவாக ஊதினேன், மேகம் தரைக்கு வந்தது. மூன்றாவதில் ஆறாம் விநாடியிலேயே இருமல் வந்துவிட்டது. சோதனை செய்த பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. "அக்கா, விளக்கை அணைக்கிற மாதிரி ஊதாதீங்க. சோப்புக் குமிழி விடுற மாதிரி ஊதுங்க, குமிழி உடையக் கூடாது" என்றாள். இரண்டு நிமிடம் ஓய்வெடுத்துவிட்டு, கண்ணை மேகத்தைவிட்டு எடுக்காமல் ஊதினேன். பத்து விநாடி எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எட்டாவது விநாடியில் காது அடைத்தது. கருவி மணியடித்தது. ஒரு நிமிடம்போலக் காத்திருந்தபின் திரையில் 46.

பயிற்சி இல்லாததால் பாதிப் பேர் முதல் தடவையே சரியாக ஊதுவதில்லை என்று அந்தப் பெண் ஆறுதல் சொன்னாள். பாதியா கால்வாசியா தெரியாது, ஆனால் வீட்டிலேயே பழகிவிட்டுப் போகலாம் என்பது நிச்சயம். ஒரு நூலிழையை ஓரடித் தள்ளித் தொங்கவிட்டு, அது ஒரே கோணத்தில் சாய்ந்து நிற்கிற மாதிரி பத்து எண்ணும்வரை ஊதிப் பாருங்கள். இரண்டாவது சோதனைக்கு நான் அப்படிப் பழகிவிட்டுத்தான் போனேன்.

சரி, 46 என்றால் என்ன? 100 கோடி பங்கு மூச்சில் 46 பங்கு நைட்ரிக் ஆக்சைடு. பிபிபி என்ற அலகில் சொல்வார்கள். வீட்டுக்காரர், "அது சிரிப்பு வாயுவாச்சே" என்றார். இல்லை, அது நைட்ரஸ் ஆக்சைடு, வேறு பொருள். நைட்ரிக் ஆக்சைடை நம் உடம்பே செய்கிறது. ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் செய்தியாளாக அது வேலை செய்வதைக் கண்டுபிடித்ததற்குத்தான் 1998ல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூச்சுக் காற்றில் அது இருப்பதை 1991ல் ஸ்வீடனில் பதிவு செய்தார்கள். ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சில் கூடுதலாக இருப்பது 1993ல் வெளிவந்தது. ஒவ்வாமை வகை அழற்சி இருக்கும்போது மூச்சுக்குழாயின் உள்தோல், இன்டர்லூக்கின் 13 போன்ற சமிக்ஞைகளால் தூண்டப்பட்டு, இந்த வாயுவை வழக்கத்துக்கு மேல் தயாரிக்கிறது. ஈசினோஃபில் என்ற ரத்த அணுக்கள் அங்கே கூடும் வகை ஆஸ்துமாவும் பெரும்பாலும் இதுதான். ஆக, இந்த எண் குழாய் சுருங்கியிருக்கிறதா என்று சொல்லாது. உள்ளே அந்த வகை அழற்சி இருக்கிறதா, எவ்வளவு என்று மட்டும் சொல்லும்.

மூச்சில் நோயைத் தேடுவது புதிதில்லை. லைனஸ் பாலிங் 1971லேயே மனித மூச்சில் சுமார் 250 பொருட்கள் இருப்பதைக் காட்டினார். அந்த நூற்றுக்கணக்கான பொருட்களின் கலவையைப் படித்து நோயைச் சொல்லும் 'மின் மூக்கு'க் கருவிகள் ஆய்வுக்கூடங்களில் இருக்கின்றன. ஆஸ்துமாவுக்கென்று மருத்துவமனைகளில் வழக்கமாகப் புழங்குவது இந்த ஒரு வாயுவின் அளவுதான். ஒரே ஊதலில் எல்லா நோயும் தெரியும் என்று யாராவது விளம்பரம் செய்தால் கையைக் கட்டிக்கொண்டு கேளுங்கள், பர்ஸைத் திறக்காதீர்கள்.

46ஐப் பார்த்ததும் ஆஸ்துமா உறுதி என்று நான் நினைத்தேன். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. பெரியவர்களுக்கு 25க்குக் கீழே என்றால் குறைவு, 50க்கு மேலே என்றால் அதிகம், நடுவில் இருப்பது இரண்டும்கெட்டான் என்று அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கத்தின் 2011 வழிகாட்டுதல் பிரித்து வைத்திருக்கிறது. பிரிட்டனின் 2024 வழிகாட்டுதலில், ஆஸ்துமாவுக்குரிய அறிகுறிகளும் இருந்து, பெரியவர்களுக்கு எண் 50 அல்லது அதற்கு மேல் வந்தால் அதையே உறுதிப்பாடாக எடுத்துக்கொள்ளலாம். நான் நின்றதோ 46ல், வாசற்படியில். பெண்களுக்கு இந்த எண் சராசரியாக ஆண்களைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். அந்தக் கணக்கில் என் 46 கொஞ்சம் கனமானது. ஆனால் எனக்கு மூக்கு அலர்ஜி இருக்கிறதே, அது கணக்கை மறுபக்கம் இழுத்தது.

அலர்ஜி உள்ள பெண்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மூக்கு ஒவ்வாமை மட்டும் இருந்து, ஆஸ்துமாவே இல்லாதவர்களுக்கும் இந்த எண் உயர்ந்திருக்கலாம். மூக்கிலும் சைனஸ் அறைகளிலும் இந்த வாயு மூச்சுக்குழாயில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அது கலந்துவிடாமல் இருக்கத்தான் எதிர்ப்பு விசையுள்ள குழாயில் ஊதச் சொல்கிறார்கள். அப்படி ஊதும்போது உள்நாக்குப் பக்கத்து மென்மையான அண்ணம் மேலெழுந்து மூக்குக்குப் போகும் வழியை அடைத்துக்கொள்ளும். கிளிப் போட வேண்டாம் என்பதும் இதனால்தான். காற்று கலக்காமல் தடுத்தாலும், ஒவ்வாமை உள்ள உடம்பில் மூச்சுக்குழாயும் லேசாகக் கனன்றுகொண்டிருக்கலாம், அதற்கு ஆஸ்துமா என்று பேர் வைக்கும் அளவுக்குப் போகாமல். மூக்கு ஒவ்வாமை உள்ளவர்களில் 10 முதல் 40 சதவீதம் பேருக்கு ஆஸ்துமாவும் இருக்கிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படியானால் மிச்சப் பேருக்கு இல்லை. அந்த இரண்டில் நான் எந்தப் பக்கம் என்பதை 46 தனியாகச் சொல்ல முடியாது.

அதே நாளில் ஸ்பைரோமெட்ரி செய்தார்கள். ஃபீனோ முதலில், ஸ்பைரோமெட்ரி பிறகு. இந்த வரிசை முக்கியம். பலமாக ஊதி முடித்தபின் நைட்ரிக் ஆக்சைடு சிறிது நேரம் குறைந்து காட்டும். முதல் விநாடியில் நான் வெளியேற்றிய காற்று 2.20 லிட்டர். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்து கொடுத்து, கால் மணி நேரம் உட்கார வைத்து, மறுபடி ஊதியபோது 2.49 லிட்டர். 290 மில்லி கூடுதல், 13 சதவீதம். 12 சதவீதமும் 200 மில்லியும் தாண்டினால் குழாய் சுருங்கி விரிகிறது என்று அர்த்தம். இதோடு, மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறோம் என்று அளக்கும் ஒரு பீக் ஃப்ளோ மீட்டரைக் கையில் கொடுத்து, இரண்டு வாரம் காலையும் மாலையும் ஊதி எழுதச் சொன்னார். பிளாஸ்டிக் குழாய்தான், பேட்டரிகூடக் கிடையாது. ஒவ்வொரு தடவையும் மூன்று முறை ஊதி, அதில் பெரியதை எழுத வேண்டும்.

என் நோட்டில் காலை 310, மாலை 370 என்கிற மாதிரி வந்துகொண்டே இருந்தது. காலைக்கும் மாலைக்கும் வித்தியாசம் 60, இரண்டுக்கும் சராசரி 340. அதாவது 17 சதவீதத்துக்கும் மேல். பெரியவர்களுக்கு இரண்டு வாரச் சராசரியில் இந்த ஏற்றத்தாழ்வு 10 சதவீதத்தைத் தாண்டினால் உலக ஆஸ்துமா அமைப்பான ஜினா அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. மூன்று மணிக்கு என்ன நடக்கிறது என்ற மருத்துவரின் கேள்விக்கு அந்த நோட்டுதான் பதில் சொன்னது. காலை வரிசை முழுக்கக் குறைந்த எண்கள், மாலை வரிசை முழுக்கக் கூடிய எண்கள். ஆஸ்துமா என்று அப்போதுதான் எழுதினார்.

ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றதும் எனக்கு முகம் மாறியிருக்க வேண்டும். "அதுக்கு அடிமையாகிடுவோமா டாக்டர்?" என்று கேட்டேன். படித்தவள்தான், இருந்தாலும் கேட்டேன். மாத்திரையாக விழுங்கும் ஸ்டீராய்டில் மில்லிகிராம் கணக்கு, இன்ஹேலரில் மைக்ரோகிராம் கணக்கு, அதுவும் நேராகப் போக வேண்டிய இடத்துக்கே போகிறது என்று விளக்கினார். ஊதியபின் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் படலம் வரும், குரல் கம்மும். பேசிப் பிழைக்கிற எனக்கு இது ரொம்ப முக்கியமான தகவல். மூக்குக்கும் தனியாக ஸ்ப்ரே கொடுத்தார். இரண்டும் ஒரே வழியின் இரண்டு முனை, ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் மற்றது அடங்காது என்றார்.

ஆறு வாரத்தில் 46 என்பது 21 ஆனது. இருமல் நின்றுபோனது. மூன்று தலையணை ஒன்றானது. மாடிப்படி விஷயம் அப்போதுதான் தெரிந்தது.

அப்புறம் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நான்காவது மாதம் இன்ஹேலரை நானாகவே குறைத்தேன். தினமும் இரண்டு வேளை என்பது ஒரு வேளை ஆனது, ஒரு வேளை என்பது நினைவு வந்தால் என்று ஆனது. இருமல் வரவில்லை. ஆறாவது மாதம் மருத்துவர், "மருந்து ஒழுங்கா எடுக்கிறீங்களா?" என்றார். எடுக்கிறேன் என்றேன். ஊதச் சொன்னார். 63.

நான் எதையும் சொல்லவில்லை, அவரும் திட்டவில்லை. அந்தக் காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார், அவ்வளவுதான். இருமல் வராமலே உள்ளே நெருப்பு ஏறியிருந்தது. இன்னும் சில வாரம் போயிருந்தால் ஒரு சளிக்காய்ச்சல் போதும், நெபுலைசரில் உட்கார்ந்திருப்பேன். என்னைப் பொறுத்தவரை இந்தச் சோதனையின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. நோயைக் கண்டுபிடிப்பதில் அது பல சாட்சிகளில் ஒன்று. சிகிச்சை நடக்கும்போது, அதே ஆளின் பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கையில், அது கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளை. ஆகவே உங்கள் எண்களைத் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த வீட்டுப் பெண்ணின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

இடையில் ஒருமுறை சோதனை வீணாகவும் போனது. நல்ல ஜலதோஷத்தோடு போய் உட்கார்ந்தேன். "இன்னைக்கு ஊதினா வைரஸோட எண்ணையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும், போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து போவதற்கு முன் சிலவற்றைப் பார்த்துக்கொள்கிறேன். சளிக்காய்ச்சல் இருந்தால் நாள் தள்ளிக் கேட்பேன். பீட்ரூட், கீரை மாதிரி நைட்ரேட் நிறைந்தவற்றை அன்றைக்குத் தொட மாட்டேன், அவை எண்ணை ஏற்றிக் காட்டும். ஊதுவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு, பானம் எதுவும் இல்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடிப் போய் மூச்சு வாங்க உட்காரக் கூடாது, கடும் உடற்பயிற்சியும் எண்ணை மாற்றும். புகைபிடித்தால் எண் குறையும். நல்ல செய்தி போலத் தோன்றும், அது வெறும் மறைப்புதான். இன்ஹேலரை மட்டும் சோதனைக்காக என்று நாமாக நிறுத்தவே கூடாது. எதை எத்தனை மணி நேரம் நிறுத்த வேண்டும், நிறுத்த வேண்டுமா என்பதை நாள் குறிக்கும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கென்று இன்னொரு கணக்கு இருக்கிறது, அதை எந்தக் கருவியும் கேட்காது. சிறு வயதில் ஆஸ்துமா ஆண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். பருவம் வந்தபின் அது தலைகீழாகி, பெரியவர்களில் பெண்களுக்கு அதிகம். ஆஸ்துமா உள்ள பெண்களில் கணிசமானவர்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் மூச்சு மோசமாகும். என் பீக் ஃப்ளோ நோட்டில் ஓரத்தில் அந்தத் தேதிகளைச் சின்னப் புள்ளி வைத்துக் குறித்தேன். மூன்றாம் மாதமே தெரிந்துவிட்டது, புள்ளிக்கு மூன்று நான்கு நாள் முன்பே காலை எண் 290க்கு இறங்கிவிடுகிறது. மருத்துவரிடம் காட்டியபோது, "இதை யாரும் எழுதிக்கிட்டு வர்றதில்ல" என்றார். சோதனையையும் மாதத்தின் ஒரே கட்டத்தில் வருகிற மாதிரி வைத்துக்கொண்டால் ஒப்பிட வசதி என்று முடிவு செய்தோம்.

கர்ப்பகாலத்தில் இந்தச் சோதனைக்கு இருக்கும் பயனையும் சொல்ல வேண்டும். கர்ப்பமாக இருக்கும்போது ஆஸ்துமா சிலருக்குக் குறையும், சிலருக்கு அப்படியே இருக்கும், சிலருக்கு முற்றும். குழந்தைக்கு ஆகாது என்று பயந்து இன்ஹேலரைத் தூக்கிப் போடுபவர்கள் நம்மில் நிறையப் பேர். மருந்தைவிட, மூச்சு முட்டுவதுதான் குழந்தைக்கு ஆகாது. ஆஸ்திரேலியாவில் புகைபிடிக்காத 220 கர்ப்பிணிகளை வைத்துச் செய்து 2011ல் வெளியிட்ட ஆய்வில், மூச்சிலுள்ள நைட்ரிக் ஆக்சைடைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைத்த குழுவில் ஆஸ்துமா முற்றிய சம்பவங்கள், அறிகுறியை மட்டும் பார்த்துச் சிகிச்சை செய்த குழுவில் இருந்ததில் பாதி அளவுக்குக் குறைந்திருந்தன. ஊதுவதால் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, கதிர்வீச்சும் இல்லை, ஊசியும் இல்லை.

என் கதையைக் கேட்டுவிட்டு அக்காவும் போய் ஊதினாள். அவளுக்குத் தடிப்பு அலர்ஜி உண்டு, இரண்டு வருடமாக இருமல். வேறொரு இடத்தில் செய்துகொண்டாள். 17 வந்தது. எண் குறைவு, ஆஸ்துமா இல்லை, அமிலம் மேலேறி வருவதால் இருமல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அக்கா சந்தோஷமாகப் போன் செய்தாள். கையிலிருந்த இன்ஹேலரையும் அன்றோடு நிறுத்திவிட்டாள். ஐந்தாவது வாரம் நள்ளிரவில் அத்தான் அவளை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஒரு வாக்கியத்தை முடிக்க அவளுக்கு மூன்று முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

கையிலிருந்த இன்ஹேலர் என்றேனே, அது என்ன என்று பிறகுதான் விசாரித்தேன். இருமலுக்காக ஒரு மருத்துவர் கொடுத்த ஸ்டீராய்டு இன்ஹேலர். சோதனைக்குப் போன நாளில் அதை எடுக்க ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இந்த எண்ணைக் கீழே இறக்குவதில் அது கெட்டியான மருந்து. 17 என்பது மருந்து வேலை செய்ததற்கான எண்.

"நீ அதை அங்கே சொல்லலையா?" என்று கேட்டேன்.

"மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். அது மாத்திரை இல்லையே, ஊதுறதுதானே" என்றாள்.

அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. கேட்டவர் கேட்ட விதம் அப்படி. இன்ஹேலர், மூக்கு ஸ்ப்ரே, தோலுக்குப் போடும் களிம்பு, இவற்றையெல்லாம் மருந்துக் கணக்கில் சேர்க்காதவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர். இப்போது யார் சோதனைக்குப் போவதானாலும், வீட்டிலிருக்கும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள் என்கிறேன். பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் பையைக் கவிழ்த்துக் காட்டலாம்.

மருந்தே எடுக்காதவர்களுக்கும் எண் குறைவாக வந்து ஆஸ்துமா இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்துமா எல்லாம் ஒரே வகை இல்லை. ஈசினோஃபில் கூடாத வகையில், குறிப்பாக நடுவயதில் எடை கூடியபின் தொடங்குகிற பெண்களின் ஆஸ்துமாவில், இந்த வாயு உயராமலே இருக்கலாம். குறைந்த எண்ணை மட்டும் வைத்து ஒருவருக்கு ஆஸ்துமா இல்லை என்று எழுதக் கூடாது என்பதில் வழிகாட்டுதல்கள் எல்லாம் ஒத்துப்போகின்றன. எண் குறைவு, ஆனால் இரவில் இருமி எழுகிறீர்கள் என்றால், ஸ்பைரோமெட்ரியும் இரண்டு வார நோட்டும் இல்லாமல் வீடு திரும்பாதீர்கள். அதிலும் பிடிபடவில்லை என்றால், மெத்தகோலைன் என்ற மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளிழுக்க வைத்து மூச்சுக்குழாய் எந்த அளவில் சுருங்குகிறது என்று பார்க்கும் சோதனையும் இருக்கிறது. அதை மருத்துவமனையில், கண்காணிப்பில்தான் செய்வார்கள்.

அக்கா இப்போது என் மருத்துவரிடம்தான் வருகிறாள். பழைய பீக் ஃப்ளோ மீட்டரை அவளுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன், வாய் வைத்து ஊதியதை எதற்கு என்று புதிதாகவே வாங்கிக்கொண்டாள். தினமும் காலையில் மூன்று முறை ஊதி, முள் நிற்கும் இடத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்புகிறாள். எழுத மறந்துவிடுவாளாம், படம் என்றால் தேதியும் நேரமும் தானாக வந்துவிடுகிறது. போன வாரம் 280ல் இருந்தாள். இன்று காலை படம் வந்தபோது நான் மாடிப்படியில் இருந்தேன். 330. ஏறிக்கொண்டே அவளைக் கூப்பிட்டு, முள்ளைத் தள்ளிவிட்டுப் படம் எடுத்தாயா என்று கேட்டேன்.